இரண்டாந்தரப் பிரஜை

கடல் கடந்து குடியேறிய பெண்களைப் பற்றிய நாவல்கள் பல உண்டு. அவற்றுள், நைஜீரியாவில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த புச்சி எமெச்செட்டா அம்மையார் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இரண்டாந்தரப் பிரஜை’ என்னும் நூலை நேயர்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறேன். பெரும்பாலும் அவருடைய சொந்த வரலாறே அது. கதைத் தலைவிக்கு ஆடா என்று பெயர் சூட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இக்போ குலத்துப் பெண்ணான ஆடாவுக்குக் கல்வி எளிதில் கிட்டவில்லை. தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவளை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். அவளோ ஒருநாள் தானாகவே போய் வகுப்பில் அமர்ந்துவிட்டாள். தந்தை இறந்தபின் உறவினர் வீட்டில் ஊழியம் செய்த காலத்தில், இறைச்சி வாங்கத் தந்த இரண்டு ஷில்லிங்கை உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குக் கட்டிவிட்டு, காசு தொலைந்தது என்று சொல்லிப் பிரம்படி பட்டாள். பொய் சொல்லலாமா என்று கேட்பவர்கள், அத்தேர்வினால் அவளுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்ததையும் நினைவில் கொள்ளவேண்டும்.

மணமானபின் அவள் ஊதியத்தில்தான் கணவன் பிரான்சிஸ் கணக்கியல் படிக்க இலண்டன் சென்றான். குழந்தைகளுடன் அவளும் பின்சென்றாள். அங்கே, கறுப்பருக்கு அறை வாடகைக்கு இல்லை என்ற அறிவிப்புகள் அவளை வரவேற்றன. ஆயினும் இந்நூலின் பெருந்துயரம் நிறவெறி மட்டுமன்று. நூலகத்தில் உழைத்துக் குடும்பத்தைக் காப்பவளை வீட்டுக்குள்ளும் இரண்டாந்தரமாக வைத்ததே ஆகும். கருத்தடைச் சாதனம் பெறக் கணவனின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். அவளே அதை இட்டாள். அது வெளிப்பட்டபோது நேர்ந்த அவமானத்தை ஆசிரியர் சற்றும் மிகைப்படுத்தாமல் எழுதுகிறார்.

கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டே பள்ளி நோட்டுப் புத்தகங்களில் அவள் ஒரு நாவல் எழுதினாள். ‘பரிசப் பணம்’ என்பது அதன் பெயர். நூலகத் தோழர்கள் படித்துப் பாராட்டினர். பிரான்சிஸோ அதைத் தீயிலிட்டுக் கொளுத்தினான். அடியையும் வசையையும் பொறுத்தவள் இதைப் பொறுக்கவில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினாள். நீதிமன்றத்தில் அவன் தங்களுக்கு மணமே ஆகவில்லை என்கிறான். குழந்தைகளைத் தத்துக் கொடுத்துவிடலாம் என்கிறான். அவை என் குழந்தைகள், நானே வளர்ப்பேன் என்கிறாள் அவள். நாவலின் உச்சம் இதுவே என்பது என் கருத்து.

எமெச்செட்டா ஐந்து மக்களைத் தனியே வளர்த்தவாறே இலண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம் பெற்றார். எரிந்துபோன அந்தக் கதையை மீண்டும் எழுதி 1976ஆம் ஆண்டில் வெளியிட்டார். ‘இரண்டாந்தரப் பிரஜை’ நூலையோ தம் பிள்ளைகள் ஐவருக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார்.