உஷார்! காட்டுப்பன்றி சுட ‘பர்மிஷன்’ கேட்டு வருகிறார்கள்

“மாப்ளே, நம்ம காட்டுல பன்னி அடிக்கறதுக்கு ரெண்டு பசங்க வந்து கேக்கறாங்க. காசு கீசு ஒண்ணும் வேண்டாமாம். ராத்திரி உள்ள வந்து போறதுக்கு உட்டாப் போதுமாம். சரின்னு சொல்லிரட்டுமா?”

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மாமா போனில் கேட்டார். ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம், கதிர் பால் பிடிக்கிற நேரம். பன்றிக்கு அந்தப் பருவம்தான் விருந்து. முந்தின ராத்திரி ஒரு கூட்டம் புகுந்து கிழக்கு ஓரத்தைப் பாய் விரித்தது போலச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. தின்றது கால்வாசி, மிதித்தது முக்கால்வாசி. அவர் குரலில் இருந்த கோபம் நியாயமானது. இருந்தாலும் நான் சொன்ன முதல் வார்த்தை: “சொல்லிராதீங்க மாமா!”

கொங்குப் பக்கம் ‘காடு’ என்றால் மானாவாரி நிலம். வனத்துறைக்குக் ‘காடு’ என்றால் வேறு. மாமாவைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். நிலம் என்னுடையது, பட்டா என் பெயரில் இருக்கிறது, சிட்டா அடங்கல் கையில் இருக்கிறது, உள்ளே வந்து பயிரைத் தின்கிற பன்றியைச் சுட நான் அனுமதி கொடுத்தால் யார் கேட்பது? கேட்பார்கள். நிலத்துக்குள் யார் வரலாம் என்று சொல்லும் உரிமைதான் உங்களுடையது. அங்கே வரும் காட்டுவிலங்கின் உயிர் விஷயத்தில் நீங்கள் தலையாட்டுவதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அந்தத் தலையாட்டல் ஒன்றே ஒன்றைத்தான் செய்யும்: வழக்குப் பதிவானால் உங்கள் பெயரையும் அதில் சேர்க்கும்.

வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். பயிர் அழிந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ வருவார்கள். டீக்கடையில் நீங்கள் புலம்பியது அவர்கள் காதுக்குப் போயிருக்கும். பைக், நெற்றியில் கட்டுகிற லைட், தோளில் நீளமான ஒரு பை. “ஏனுங்ணா, நம்மகிட்ட இருக்கறது ஏர்கன்னுங்க, இதுக்கு லைசன்ஸே வேண்டியதில்லைங்க” என்பார்கள். செல்போனில் ஒரு வீடியோவும் காட்டுவார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் பண்ணையாரிடம் கைகுலுக்கி அனுமதி வாங்கிக்கொண்டு புறாவும் முயலும் சுடுகிற வீடியோ.

அந்த வீடியோ பொய்யில்லை. இங்கிலாந்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. நிலக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பயிர் தின்னும் புறாவையும் முயலையும் சுடுவார்கள். அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு அடுத்தவர் நிலத்தில் கால் வைத்தால் அங்கே அதுவே தனிக் குற்றம். அங்கேயும்கூட நிலக்காரரின் சம்மதம் பாதி வேலைதான். புறா போன்ற பறவைகளைச் சுட அரசு வெளியிடும் பொது உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 முடிவிலிருந்து ஏர்கன் வைத்திருக்கவே சான்றிதழ் தேவை. அந்த ஊர் வழக்கத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்து கதவு தட்டுகிறார்கள் நம் பையன்கள். தட்டுகிறவர்கள் எல்லாருமே அறியாப் பிள்ளைகள் என்று நான் நம்பவில்லை.

ஏர்கன் கதைக்கு வருவோம். 0.177 அங்குலக் குழலும் 20 ஜூல் வரை ஆற்றலும் கொண்ட ஏர்கன்னுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் உரிமம் தேவையில்லை என்றால் வேட்டையாடலாம் என்று அர்த்தமில்லை. கத்திக்கும்தான் உரிமம் வேண்டாம். இன்னொன்றையும் யோசியுங்கள்: அந்த 20 ஜூல் குண்டு வளர்ந்த காட்டுப்பன்றியின் தோலுக்கும் கொழுப்புக்கும் முன்னால் எதற்கும் ஆகாது. ஏர்கன்னை வைத்துப் பன்றி அடிப்பதாக ஒருவன் சொன்னால், ஒன்று அவனுக்குத் தொழில் தெரியாது, இல்லை பைக்குள் இருப்பது ஏர்கன் இல்லை.

பெரும்பாலும் இரண்டாவதுதான். கரிமருந்து கொட்டி, பால்ரஸ் குண்டு போட்டு, குழல் வழியாகக் குச்சியால் இடித்து நிரப்புகிற நாட்டுத்துப்பாக்கி. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மலையோரங்களில் இதைத் தாங்களாகவே ஒப்படைக்கும்படி போலீஸ் தண்டோரா போடாத குறைதான். உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. அந்தத் துப்பாக்கியை “நாளைக்கு மறுபடியும் வருவோமுங்க, இங்கயே இருக்கட்டும்” என்று உங்கள் மோட்டார் ரூமில் வைத்துவிட்டுப் போனால், வைத்திருந்தவர் யார்? சாவி உங்களிடம் அல்லவா இருக்கிறது?

சிலர் நிஜமாகவே உரிமம் பெற்ற துப்பாக்கியோடு வருவார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுத்த உரிமம் என்று தாளை நீட்டுவார்கள். அது துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம். விலங்கைக் கொல்ல வேறு அனுமதி வேண்டும், அதைக் கொடுப்பது வனத்துறை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. கொன்றால் மட்டும் வேட்டை என்று நினைக்க வேண்டாம். கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது, முயற்சி செய்து தவறவிட்டது வரை எல்லாம் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். காட்டுப்பன்றி இப்போது 2-வது அட்டவணையில் இருக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 திருத்தத்துக்கு முன் இந்த அபராதம் 25,000 ரூபாய்தான். ‘கட்டிட்டு வந்துரலாம்’ என்று பழைய ஆட்கள் சொல்வது அந்தக் காலக் கணக்கு. பன்றிக்கு வைத்த குறி தப்பி மயிலில் பட்டால் போச்சு. மயில் முதல் அட்டவணை: குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு.

உடந்தையாக இருப்பவரையும் குற்றம் செய்தவராகவே கருதச் சொல்கிறது அதே சட்டத்தின் 52-வது பிரிவு. இரவில் கேட்டைத் திறந்துவிட்டவர், நாயைக் கட்டிப் போட்டவர், எந்த வரப்பில் பன்றி இறங்குகிறது என்று கை காட்டியவர் எல்லாருக்கும் அது பொருந்தும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கொடுப்பது ‘நன்றிக் கறி’. பணம் வேண்டாம் என்றார்களே, ஏன்? அவர்களுக்கு வேண்டியது கறிதான். பன்றி விழுந்ததும் அங்கேயே பங்கு போட்டு, விடிவதற்குள் கைமாறிவிடும். நிலக்காரருக்கு மரியாதையாக இரண்டு கிலோ ஒரு கேரி பையில் திண்ணைக்கு வரும். அந்தப் பை உங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக்குள் போன நிமிடத்திலிருந்து கதை மாறுகிறது. காட்டுவிலங்கின் இறைச்சி ஒருவர் வசம் இருந்தால் அது சட்டவிரோதமாக வந்தது என்றே முதலில் அனுமானிக்கும்படி 57-வது பிரிவு சொல்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. வழக்கமான குற்ற வழக்கில் அரசுத் தரப்பு நிரூபிக்கும். இங்கே தலைகீழ். சுட்டவன் பைக்கில் பறந்திருப்பான், அவன் உண்மைப் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. சிக்குவது நீங்களும் அந்தப் பையும். போதாததற்கு 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் செத்து விழுந்தன. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் ஊரில் யாராவது வெண்பன்றி வளர்த்தால், நீங்கள் கழுவி ஊற்றுகிற தண்ணீரே அவர் பண்ணையைக் காலி செய்யப் போதும்.

துப்பாக்கி வேண்டாம் என்றால் அடுத்து அவுட்டுக்காய் என்பார்கள். பழத்துக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து வரப்பில் வைப்பது. கடிக்கிற வாய் பன்றியின் வாயாகத்தான் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மாடு கடிக்கும், நாய் கடிக்கும். 2020 மே மாதம் பாலக்காட்டில் வாய் சிதறி, ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை மறந்திருக்க மாட்டீர்கள். கரன்ட் கம்பியும் அதே ரகம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே வயலில் கொடுத்திருந்த கள்ள மின்சாரத்தில் 3 யானைகள் ஒரே இரவில் விழுந்தன. இரண்டு குட்டிகள் தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்ததை ஊரே பார்த்தது. கம்பி கட்டிய விவசாயி கைதானார். அவரும் யானைக்கென்று கட்டியவர் இல்லை.

“கேரளாவுல சுடலாமாமே?” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதி உண்மை. 2022 மே மாதம் கேரள அரசு, ஊராட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் என்ற பொறுப்பைக் கொடுத்து, உரிமம் பெற்றவர்களைக் கொண்டு பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை வழங்கியது. அங்கேயும் நிலக்காரர் தாமாக ஆளைக் கூட்டி வர முடியாது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது. கறியைத் தொடக் கூடாது, புதைக்க வேண்டும். வாளையாறு தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அந்த உத்தரவு செல்லாது.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வேறு ஒரு முறை வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும் சுடலாம். கிராம நிர்வாக அலுவலரும் வனத்துறையினரும் உள்ள ஊர் மட்டக் குழு வழியாக மனு போக வேண்டும். இது விவசாயிக்குப் போதுமா என்றால், போதாது என்பதுதான் என் அபிப்பிராயம். மனு மேஜை மாறுவதற்குள் கதிர் முற்றி, பன்றி தின்று, தட்டையை மாட்டுக்குப் போட்டிருப்போம். காட்டோரத்து முதல் கிலோமீட்டரில் இருப்பவனுக்குத்தான் சேதம் அதிகம், அவனுக்கு இந்த முறையில் ஒன்றுமே இல்லை. இந்தக் கோபத்தைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் மேஜையைத் தட்டிச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அந்தக் கோபத்தில் முகம் தெரியாத ஒருவனுக்குக் கேட்டைத் திறக்காதீர்கள்.

“உயிருக்கு ஆபத்துன்னா கொல்லலாமே” என்றும் ஒரு வாதம் உண்டு. உங்கள் மேலோ இன்னொருவர் மேலோ பாய்கிற விலங்கைத் தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை, அது 11-வது பிரிவிலேயே இருக்கிறது. அது உயிருக்கான விலக்கு. சோளக்கதிருக்குப் பொருந்தாது. நள்ளிரவில் லைட் கட்டிக்கொண்டு காத்திருந்து சுட்டதை எந்த வக்கீலும் தற்காப்பு என்று வாதாட முடியாது.

சேதம் நடந்திருந்தால் விடிந்ததும் முதல் வேலையாகப் போட்டோ எடுங்கள். குளம்புத் தடம், சாய்ந்த தட்டு, நிலத்தின் அடையாளம் எல்லாம் தெரிய வேண்டும். மனம் பொறுக்காமல் உடனே உழுது விடாதீர்கள். நிவாரண மனுவை வி.ஏ.ஓ.விடமும் வனவரிடமும் கொடுத்துக் கையெழுத்தோடு நகல் வாங்குங்கள். ஆள் வந்து அனுமதி கேட்டால் பைக் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாய் தவறிச் சரி என்று சொல்லியிருந்தால், இன்றைக்கே நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் அன்று போனில் மாமாவிடம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: “அப்பன்னா நீ வந்து காவலுக்கு இரு.”

போனேன். வேலியில் அத்தையின் பழைய சேலைகள் கட்டியிருந்தன. வேப்பமரத்தடியில் பரண், தட்ட ஒரு எண்ணெய் டின், ஒரு டார்ச். அந்த வாரம் த்ரீ பேஸ் கரன்ட் ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான். பன்னிரண்டு மணி வரை பேச்சு ஓடியது. பிறகு மாமா கண் அயர்ந்தார், எனக்கும் அதே நிலைமைதான். ஒன்றேகாலுக்கு மேற்கு வரப்போரம் தட்டு முறிகிற சத்தம். நிற்கிறது, மறுபடி கேட்கிறது. மாமா எழுந்து டின்னைத் தட்டினார். சத்தம் நிற்கவில்லை. ஓங்கிக் கத்தினார். அதற்கும் நிற்கவில்லை, நேராக எங்களைப் பார்த்தே வந்தது. கனத்த உருவம்தான் என்று சத்தமே சொன்னது. என் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்த நொடியில் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

மாமா டார்ச்சை அடித்தார். பக்கத்துத் தோட்டத்துப் பையன், பிளஸ் டூ படிக்கிறவன். போனில் சார்ஜ் இல்லாததால் லைட் போடாமல், மோட்டார் போடக் குறுக்கு வழியாக எங்கள் சோளத்துக்குள் நுழைந்து போய்க்கொண்டிருந்தான். காதிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டே கேட்டான்:

“ஏனுங் மாமா, கத்துனீங்களா? பாட்டுக் கேட்டுட்டு வந்தனுங்க, காதுல உழுகல.”