ஓரியன் விண்முகிலின் நிறமும் ஒளியும்

திருவாதிரை விண்மீன் இடம்பெறும் ஓரியன் தொகுதியில், வேட்டுவனின் வாளாகக் கருதப்பெறும் பகுதியில் மங்கிய ஒளித்திட்டு ஒன்று வெறுங்கண்ணுக்கே புலப்படும். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இவ்விண்முகில் (நெபுலா), வளிமமும் தூசும் தம் ஈர்ப்பால் ஒடுங்கிப் புதிய விண்மீன்களாகும் களமாகும்.

ஒளிப்படங்களில் செந்நிறமாகத் தோன்றும் இது, தொலைநோக்கி வழி நேரிற் காண்பார்க்குப் பெரும்பாலும் வெளிர்பச்சையாகவே தெரிகிறது. இரண்டும் மெய்யே. செம்மை, ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் அலைநீள ஒளி. மங்கிய ஒளியில் மனிதக் கண் அதனை நன்கு உணர்வதில்லை. பச்சையோ நெடுங்காலம் புதிராயிருந்தது. 1860களில் வில்லியம் ஹக்கின்ஸ் விண்முகில்களின் நிறமாலையிற் கண்ட பச்சைக் கோடுகள் அறியப்பட்ட எத்தனிமத்திற்கும் பொருந்தாமையின், 'நெபுலியம்' என்னும் தனிமம் கற்பிக்கப்பட்டது. பொருள் இன்றியே பெயர் வழங்கியமைக்கு இது தக்க சான்று. அவை இரு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் கோடுகளே என 1927இல் ஐரா போவன் விளக்கினார். அணுக்கள் தம்முள் மோதுவது மிக அரிதாகிய, அடர்த்தி குன்றிய வளிமத்திலேயே இக்கோடுகள் ஒளிர இயலும்.

இந்நிறங்களை எழுப்புவது, நடுவிலுள்ள டிரபீசியம் விண்மீன் கூட்டத்தின், சிறப்பாக அதன் மிகப்பெரிய விண்மீனின், புறஊதாக் கதிராகும். அக்கதிரே, அருகிலுள்ள இளம் விண்மீன்களைச் சூழ்ந்து கோள்களுக்கு மூலப்பொருளாக அமையும் தூசுவட்டுகளை ஆவியாக்கி அரித்து வருகிறது. 1990களில் ஹபிள் தொலைநோக்கி இதனைத் தெளிவுறப் படம்பிடித்தது. வட்டு கரையுமுன் அங்குக் கோள்கள் திரண்டுவிடுமா என்பது இன்னும் ஆராயப்பெற்று வரும் வினா.