மாநகரும் வாகனப் புகையும்

வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் எழும் வாகனப் புகை இருவகைத் தீங்குடையது. மூச்சை அடைக்கும் கரியும் காபனோரொட்சைட்டும் ஒருவகை. கண்ணுக்குப் புலனாகாது புவியை வெப்பமுறச் செய்யும் காபனீரொட்சைட்டு மற்றொரு வகை. முன்னதை அடக்கும் பொருட்டு 2008ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திற் புகைப் பரிசோதனை தொடங்கப்பெற்றது. பரிசோதனைக்குட்பட்ட வாகனங்கள் அதன் சான்றிதழின்றி மாகாண நிருவாகத்திடம் வருமான அனுமதிப்பத்திரம் பெறல் இயலாது.

எனினும், இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினால் எரிபொருள் முழுமையாக எரியுமேயன்றி, அதிலுள்ள காபன் மறைந்துவிடுவதில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரியுங்கால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு பிறக்கின்றது. ஆதலின், பின்னதைக் குறைக்கும் வழி, குறைந்த எரிபொருளிற் பலரை ஏற்றிச் செல்லுதலேயாம்.

இவ்வழி கொழும்புக்குப் புதிதன்று. 1899இல் ஓடத் தொடங்கிய மின்சார ட்ராம் வண்டிகள், கோட்டையிலிருந்து பொறளைக்கும், கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸுக்கும் மக்களை ஏற்றிச் சென்றன. அவற்றை 1944இல் மாநகர சபையே பொறுப்பேற்றது. 1953இல் மின்சாரத் துரொலி பஸ்களையும் ஓட்டிற்று. ட்ராம் 1960இலும் துரொலி பஸ் 1964இலும் நின்றுபோயின.

வண்டிதோறும் புகையை அளத்தல் நோயைத் தணிக்கும். மக்கள் விரும்பி ஏறும் பொது வண்டிகளைப் பெருக்குதலே நோயின் மூலத்தைக் களையும். உள்ளூராட்சியின் கடமை இரண்டையும் தழுவியதாதல் வேண்டும்.