திருமண நாளும் மகளின் பங்கும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் நில இழப்பீட்டை முன்வைத்து

திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தின் வேளாண் நிலங்கள் 1990களின் நடுப்பகுதி முதல் தொழிற்பூங்காக்களாக மாறலாயின. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. நிலம் உழவில் இருந்தவரை, யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் வினாவைக் குடும்பங்கள் தள்ளிப்போட முடிந்தது. நிலம் கையகப்படுத்தப்பட்டு இழப்பீட்டுத் தொகையானபோது அவ்வினாவுக்கு உடனடியாக விடை வேண்டியிருந்தது. இந்துக் குடும்பங்களில் அவ்விடை பெரும்பாலும் மகளின் திருமண நாளைச் சார்ந்திருந்தது.

தமிழ்நாடு அரசின் இந்து வாரிசுரிமைத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செயற்பட்டது. அது சேர்த்த 29-அ பிரிவு, மகனைப் போலவே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புவழிப் பங்குரிமை அளித்தது. எனினும் அந்நாளுக்கு முன் மணமான மகளை அது விலக்கியது. சீர்வரிசையோடு மகளின் பங்கு முடிந்தது என்னும் வழக்காற்று எண்ணம் இவ்விலக்கின் வழியே சட்டத்திலும் இடம்பெற்றது எனலாம்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 100 செண்ட் பூர்வீக நிலம். தந்தை, இரு மகன்கள், இரு மகள்கள். தாய் முன்னரே காலமானார். மூத்தவளுக்கு 1988இலும் இளையவளுக்கு 1990இலும் திருமணம். 1998இல் தந்தை உயில் எழுதாமல் இறக்கிறார். அவர் இறப்பதற்குச் சற்றுமுன் பாகம் பிரிந்ததாகக் கொண்டால், தந்தை, இரு மகன்கள், இளைய மகள் ஆகிய நால்வருக்கும் தலா 25 செண்ட். தந்தையின் 25 செண்ட் பிள்ளைகள் நால்வருக்கும் சமமாகச் சேரும். ஆகவே இளையவளுக்கு 31.25 செண்ட், மூத்தவளுக்கு 6.25 செண்ட். ஒரே வீட்டில் பிறந்த சகோதரிகளிடையே ஐந்து மடங்கு வேறுபாடு.

அந்த 6.25 செண்டும் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தந்தது. 1989க்கு முன் மணமானவளுக்குப் பங்கே இல்லை என்னும் பரவலான நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை.

மணநாளை மெய்ப்பிப்பதும் எளிதன்று. 1967ஆம் ஆண்டுத் திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்தது; ஆயினும் எல்லாச் சமயத்தாரின் திருமணங்களையும் கட்டாயமாகப் பதியவேண்டும் என்னும் தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல்தான் வந்தது. பதிவில்லாத மணத்திற்கு அழைப்பிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுமே துணை.

2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் மணநாள் வேறுபாட்டை நீக்கியது. தந்தை அந்நாளில் உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கற்பிக்கும் பாகப்பிரிவினை உண்மைப் பிரிவினை ஆகாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதி. எனவே மேற்கண்ட நிலம் பிரிக்கப்படாதிருப்பின் நால்வருக்கும் தலா 25 செண்ட்.

தொழில்வழித்தடத்தில் சிக்கல் இங்குதான் எழுகிறது. 2004 டிசம்பர் 20க்கு முன் நிகழ்ந்த விற்பனையையும் பாகப்பிரிவினையையும் புதிய திருத்தம் தொடாது. அதற்குள் இழப்பீடு பெறப்பட்டுப் பகிரப்பட்டிருப்பின், கோருவதற்குக் கூட்டுச் சொத்து எஞ்சியிராது. சிறுதொகை பெற்று மகள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் பதிவாகியிருப்பின், மோசடியோ வற்புறுத்தலோ மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவள் கோரிக்கை நிற்பது அரிது. முதலில் நிலம் இழந்த ஊர்களின் மகள்களுக்குத் திருத்தத்தின் பயன் குறைவாகவும், பின்னர் இழந்த ஊர்களில் கூடுதலாகவும் அமைய இதுவே காரணம்.

பிற சமயத்தார்க்கு விதிகள் வேறு. கிறித்தவ மகளுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கு நிகரான பங்களிக்கிறது. இசுலாமிய மகளுக்கு மகன் பங்கில் பாதி. 1937ஆம் ஆண்டு ஷரியத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கியிருந்தது. சென்னை மாகாணம் 1949இல் அவ்விலக்கை நீக்கியதால் இங்கு நிலத்திலும் அவளுக்குப் பங்குண்டு.

பட்டியல் பழங்குடியினருக்கோ, மத்திய அரசு அறிவிக்கை செய்தாலன்றி இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தாது. காஞ்சிபுரம் மாவட்ட இருளர்களும் இவ்விதிக்கு உட்பட்டவர்கள். ஒடிசாவில் நில இழப்பீட்டில் பங்கு கோரிய பழங்குடிப் பெண்ணின் மேல்முறையீட்டை இக்காரணத்தாலேயே உச்ச நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது. சட்டத் திருத்தத்தைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில், சத்தீசுகர் கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில் அந்நீதிமன்றம் வேறுவழியில் சென்றது. பெண்ணுக்குப் பங்குண்டு என்னும் வழக்காற்றை அவள் தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்று கீழ் நீதிமன்றங்கள் கூறியிருந்தன; அவளை விலக்கும் வழக்காறு மெய்ப்பிக்கப்படாத நிலையில் சமபங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது.