பார்வை நரம்பு அடிபட்டால் கண்ணுக்குள் என்ன நடக்கும்? உடனே சாகாத செல்கள்!

கையில் அறுந்த நரம்பு மெதுவாகவாவது மறுபடி வளரும். பார்வை நரம்பு அப்படியில்லை. போனா போனதுதான். ஏன்?

விழித்திரையில் கேங்லியன் செல்கள் என்ற நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீண்ட இழை கிளம்பும். இப்படிச் சுமார் 10 லட்சம் இழைகள் சேர்ந்த கேபிள்தான் பார்வை நரம்பு. கண் பார்ப்பது மூளைக்குப் போக வேறு வழி கிடையாது.

விபத்தில் தலையில் பலமாக அடிபட்டாலோ, கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா வந்தாலோ முதலில் சேதமாவது இந்த இழை. ஆனால் செல் உடனே சாவதில்லை. 'டிஎல்கே' என்ற புரதம் அபாய மணி அடிக்கிறது. செய்தி செல்லின் உட்கருவுக்குப் போகிறது. அங்கே தற்கொலை மரபணுக்கள் ஆன் ஆகின்றன. ஆம், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது!

அப்போ மணியை நிறுத்திவிட்டால்? எலிகளில் செய்து பார்த்தார்கள். நிறைய செல்கள் பிழைத்தன. சிக்கல் என்னவென்றால், இழை திரும்ப வளரவும் அதே மணி தேவை. நிறுத்தினால் செல் உயிரோடு இருக்கும், இழை வளராது.

எல்லா செல்லும் ஒன்றல்ல

2019-ல் வெளியான எலி ஆய்வில், பார்வை நரம்பை நசுக்கிய 2 வாரத்தில் சுமார் 80% கேங்லியன் செல்கள் இறந்தன. ஆனால் 46 வகைகளில் சில வகைகள் மட்டும் அதே காயத்தைத் தாங்கி நின்றன. அவற்றிடம் என்ன இருக்கிறது என்பதுதான் இப்போதைய தேடல்.

வரிக்குதிரை மீனுக்கு இந்தக் கவலையே இல்லை. நரம்பு சில வாரங்களில் வளர்ந்து பார்வையும் திரும்பிவிடும். எலிகளில், செல்லை இளமைக்குத் திருப்பும் 3 மரபணுக்களைச் செலுத்தி இழைகளை வளரவைத்ததாக ஹார்வர்டு குழு 2020-ல் அறிவித்தது. கிளாக்கோமா எலிகளுக்கு இழந்த பார்வையில் ஒரு பகுதி திரும்பியது.

நமக்கு?

இன்று கிடைக்கும் சொட்டு மருந்தும் அறுவை சிகிச்சையும் கண் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் செல்களைக் காப்பாற்றும். போன பார்வையை மீட்காது. பெரும்பாலும் வலியே இருக்காது. பக்கவாட்டுப் பார்வை குறைவதை இன்னொரு கண் ஈடுகட்டிவிடுவதால் வெளியே தெரியவும் தெரியாது.

கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் செக் பண்ணினால் இது பிடிபடாது. கண் மருத்துவர் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தாலோ, உங்களுக்கு மைனஸ் பவர் அதிகம் என்றாலோ தள்ளிப்போடாதீர்கள். கண் சிவந்தால் மெடிக்கலில் நீங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடுவீர்களா? தொடர்ந்து போட்டால் அதுவே கண் அழுத்தத்தை ஏற்றிவிடலாம்.