ஒற்றைப் பீப்பாய் பேர்பன்: விலைக்கு முன் விளங்கவேண்டியது

நம்மவர் வீட்டு ஒன்றுகூடல்களில் ஸ்கொட்ச் விஸ்கியோடு சில வேளைகளில் அமெரிக்க பேர்பன் போத்தலும் மேசைக்கு வருகிறது. அதில் 'சிங்கிள் பெரல்' என்று எழுதியிருந்தால் விலை கூடும், கொண்டுவந்தவருக்கு மதிப்பும் கூடும். ஆனால் அந்தச் சொல் தரத்துக்கான முத்திரை அல்ல. போத்தலில் உள்ளது முழுவதும் ஒரே பீப்பாயிலிருந்து வந்தது என்பதே அதன் பொருள். அமெரிக்கச் சட்டம் பேர்பனுக்கு விரிவான வரையறை தருகிறது. 'சிங்கிள் பெரல்' என்பதற்கோ தனி வரையறை இல்லை.

பேர்பனை அமெரிக்காவுக்கே உரிய தனித்துவமான பானமாக அந்நாட்டுக் காங்கிரஸ் 1964இல் அறிவித்தது. தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் சோளம் இருக்கவேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கலனில் அது முதிரவேண்டும். கலனுக்குள் போகும்போது மதுசாரம் 62.5 வீதத்தைத் தாண்டக் கூடாது. போத்தலில் 40 வீதத்துக்குக் குறையக் கூடாது. நிறமோ வாசனையோ சேர்க்க முடியாது. ஆகவே நிறம் முழுவதையும், சுவையின் பெரும்பகுதியையும் தருவது மரம்தான். பேர்பனுக்கு ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்களில் பல பின்னர் ஸ்கொட்லாந்துக்குப் போய் ஸ்கொட்ச் விஸ்கியை முதிர்விக்கின்றன.

ஒரு பீப்பாய் சுமார் 200 லீற்றர் கொள்ளும். கென்டக்கியின் உயரமான களஞ்சியங்களில் மேல்தளம் கோடையில் கொதிக்கும். கீழ்த்தளம் குளிர்ந்து ஈரமாக இருக்கும். வெப்பத்தில் விஸ்கி மரத்துக்குள் ஊறும், குளிரில் வெளியே வரும். மேலே இருக்கும் பீப்பாய் வேகமாக முதிர்ந்து காரமேறும். கீழே இருப்பது மெதுவாக மென்மையாகும். ஒரே நாளில் ஒரே வடிப்பிலிருந்து நிரப்பிய இரண்டு பீப்பாய்கள்கூடச் சில ஆண்டுகளில் வேறு வேறு சுவையாகிவிடும்.

வழக்கமான பேர்பனில் பல பீப்பாய்களைக் கலந்து இந்த வேறுபாட்டை மறைக்கிறார்கள். 1984இல் ஃபிராங்ஃபோர்ட் நகர வடிசாலையில் எல்மர் ரி. லீ அதற்கு மாறான வழியில் 'பிளாண்டன்ஸ்' என்ற பேர்பனை வெளியிட்டார். வணிக ரீதியில் வந்த முதல் ஒற்றைப் பீப்பாய் பேர்பனாக அது கருதப்படுகிறது. பீப்பாய் எண், களஞ்சியம், பீப்பாயைத் திறந்த திகதி ஆகியவை அதன் சுட்டுத்துண்டில் எழுதப்பட்டிருக்கும்.

இதில் வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நண்பர் வீட்டில் பிடித்துப்போன பெயரையே தேடி வாங்கினாலும் அதே சுவை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பீப்பாய் முடிந்தால் முடிந்ததுதான். அதோடு, ஒரு பீப்பாயில் மரக்கசப்பு மிகுந்துவிட்டால் அதை ஈடுசெய்ய இன்னொரு பீப்பாய் இல்லை. விலை கூடியது என்பதற்காக அது உங்களுக்குப் பிடித்தாக வேண்டியதில்லை.

சுவைக்கும் முறை எளிது. வாய் குறுகிய சிறிய கண்ணாடியில் 15 மில்லிலீற்றர் போதும். சில நிமிடங்கள் விடுங்கள். வாயைச் சற்றே திறந்தபடி மெல்ல முகருங்கள். மூக்கை உள்ளே நுழைத்தால் மதுசாரத்தின் எரிவு மட்டுமே தெரியும். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு. சுவையை இரண்டாவதில் தேடுங்கள். பிறகு சில துளி தண்ணீர் விட்டு மீண்டும் பாருங்கள். எரிவு தணிந்து மறைந்திருந்த வாசனைகள் எழும்.

அந்த வாசனைகளுக்குப் பெயர்சொல்ல ஆங்கிலப் பட்டியல் தேவையில்லை. கிராம்பின் வாசனைக்குக் காரணமான யூஜினோல் ஓக் மரத்திலும் இருக்கிறது. அதே மரத்தின் லக்ரோன் தேங்காய் மணம் தரும். கருகிய மரத்தின் சர்க்கரை காய்ச்சிய பாகுபோல மணக்கும். நம் சமையலறையில் பழகிய மூக்குக்கு இவை புதியவை அல்ல. ஒரே பெயரில் வேறு பீப்பாய் எண் கொண்ட இரண்டு போத்தல்கள் கிடைத்தால் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு உடனே புரியும்.

கோலா கலந்து குடிப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அதற்கு விலை குறைந்த பேர்பனே போதும். ஒற்றைப் பீப்பாயின் தனித்தன்மை கோலாவில் கரைந்துவிடும்.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. அதை மறந்து ரசனை பேச முடியாது. வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமல், வாகனம் ஓட்டுபவருக்கு ஊற்றாமல், கொஞ்சமாக எடுத்து நிதானமாகச் சுவைப்பவருக்கே ஒரு பீப்பாய்க்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.