முதிய நாயும் புதிய சோபாவும்

பழைய சோபாவைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துச் செல்லலாம் என்னும் விளம்பரத் தட்டிகள் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிச் சலுகையிலும் திருவண்ணாமலைக் கடைவீதியில் எழுந்துவிடுகின்றன. ஏன் மாற்றுகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்பதில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. ஆனால், வீட்டிலுள்ள வயதான நாய் நனைத்தும் பிறாண்டியும் சோபா பாழாகியிருந்தால், அந்தக் கேள்வியை வீட்டுக்காரர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது. பாழானதற்கான காரணம் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதை அறியாமல் வாங்கப்படும் புதிய சோபாவும் சில மாதங்களில் பழையதன் நிலைக்கு வந்துவிடும். அப்போது வீட்டை விட்டு வெளியேற்றப்படுவது சோபாவாக இல்லாமல் போகலாம்.

எங்கள் வீட்டு நாய்க்கு 13 வயது. நாட்டு நாய், பெட்டை. குட்டியாக கிரிவலப் பாதையோரம் கிடைத்தது. அடுத்த ஆண்டே கருத்தடை செய்யப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேலாக வீட்டுக்குள் ஒரு துளி நனைத்தறியாத நாய். சென்ற மழைக்காலத்தில் மூவர் அமரும் சோபாவின் ஒரு மூலை மட்டும் ஈரமாகத் தொடங்கியது. ‘வயதாகிவிட்டது, கொல்லையில் கட்டிப் போடுங்கள்’ என்பது உறவினர்களின் யோசனை. கால்நடை மருத்துவர் கேட்டதோ வேறு கேள்வி: விழித்திருக்கும்போது நனைக்கிறதா, உறங்கும்போதா?

அந்த ஒரு கேள்வியில் பாதி நோயறிதல் அடங்கியிருக்கிறது. உறங்கும்போது தன்னறியாமல் கசிந்தால், சிறுநீர்த் தாரையைச் சுருக்கி வைத்திருக்கும் தசை தளர்ந்திருக்கலாம். கருத்தடை செய்யப்பட்ட பெட்டை நாய்களிடம், அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்துக்கூட இது தலைகாட்டும். பெரும்பாலும் மாத்திரையில் கட்டுப்படும். விழித்திருக்கும்போது, அதுவும் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு நனைத்தால், சிறுநீரகத்தையும் நீரிழிவையும் சந்தேகிக்க வேண்டும். அடிக்கடி முக்கி முக்கிச் சிறிதளவே கழித்தால் நோய்த்தொற்றோ கல்லோ இருக்கக்கூடும். வாசல்வரை போக விரும்பியும் எழுந்து நடப்பதற்குள் முந்திவிட்டால், குறை சிறுநீர்ப்பையில் இல்லை. இடுப்பிலும் முழங்காலிலும் இருக்கிறது. கதவின் கீல் பக்கம் போய் நின்று திறக்கக் காத்திருப்பது, நள்ளிரவில் நோக்கமின்றி உலவுவது, பழகிய மனிதரைப் பார்த்துத் திகைப்பது ஆகியவை மூளையின் முதுமை. மனிதர்க்கு வரும் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அதே வகைப் புரதம், முதிய நாய்களின் மூளையிலும் படிவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆக, ‘சோபாவை நாசமாக்கிவிட்டது’ என்னும் ஒரே புகாருக்குள் ஐந்தாறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் சில குணமாகும், சில கட்டுக்குள் வரும். எவையும் பிடிவாதமோ பழிவாங்கலோ அல்ல. ‘கோபத்தில் செய்கிறது’ என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உறக்கத்தில் கசிவதற்குக் கோபம் எப்படிக் காரணமாகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் வீடுகளில் இரண்டு தவறான வைத்தியங்கள் நடக்கின்றன. ஒன்று, தண்ணீரைக் குறைப்பது. சிறுநீரகம் பழுதான நாய்க்கு அது நஞ்சுக்குச் சமம். இந்த ஊரின் சித்திரை வெயிலில் நலமான நாய்க்கும் ஆபத்து. மற்றொன்று, மூட்டு வலி என்று தெரிந்ததும் நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பது. பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் சேதத்தையும் உண்டாக்கும். (மாடுகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக், அவற்றின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததால்தான் 2006இல் கால்நடைகளுக்கான பயன்பாடு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஓர் உயிருக்கு மருந்தானது வேறோர் உயிருக்கு என்னவாகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.) காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைச் சுத்தமான புட்டியில் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போவது, கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அதிகாலையில் நடப்பவர்கள், கழுத்துப்பட்டையின் தடம் மறையாத நாய்களைக் கண்டிருப்பார்கள். சிலவற்றின் கண்களில் வெண்படலம் விழுந்திருக்கும். வாகனம் வரும் திசை தெரியாமல் நடுச்சாலையில் நிற்கும். இங்கே அன்னதானம் உண்டு, சாதுக்கள் உண்டு, எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுப் போகிறவர் தம்மைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். ஆனால், சாலையின் ஒவ்வொரு பகுதியும் ஏற்கெனவே ஏதோ ஒரு நாய்க் கூட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது. சோபாவில் உறங்கிப் பழகிய பன்னிரண்டு வயது நாய்க்கு அங்கே இடம் கிடையாது. பௌர்ணமி இரவில் இலட்சக்கணக்கான கால்களுக்கு நடுவே அது ஒதுங்கக்கூட முடியாது.

சட்டம் இதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்கு வித்திட்டவர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கலாஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. தண்டனை என்ன? முதல் முறை என்றால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். சோபாவுக்கு உறை தைக்கும் நூல்கூட அந்தப் பணத்துக்கு வராது. இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அபராதத்துக்கு அஞ்சி நாயை வைத்துக்கொள்ளும் வீட்டில் அந்த நாய் என்ன நிலையில் இருக்கும் என்ற கவலையும் உண்டு.

இந்த ஊரிலேயே மிகவும் அறியப்பட்ட சோபா ரமணாசிரமத்தின் பழைய கூடத்தில் இருக்கிறது. ரமண மகரிஷி பல ஆண்டுகள் இரவும் பகலும் அமர்ந்ததும் படுத்ததும் அதில்தான். உலகின் பல மூலைகளிலிருந்து அறிஞர்கள் வந்து அமர்ந்த அக்கூடத்துக்குள் அணில்கள் வந்து அவர் கையிலிருந்து பருப்பு வாங்கித் தின்றன. குரங்குகள் எட்டிப் பார்த்தன. நாய்களும், இலட்சுமி என்னும் பசுவும் வந்து போயின. 1926இல் கன்றாக வந்த இலட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது ஆசிரம வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அருகிலேயே மான், காகம், ஜாக்கி என்னும் நாய் ஆகியவற்றின் சமாதிகளும் உள்ளன. விலங்குகளை அவர் ‘அது’ என்று சொல்வதில்லை. ‘அவன்’, ‘அவள்’ என்பார். நாய்களைப் பையன்கள் என்று குறிப்பிட்டு, அவர்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பார். தமிழ் இலக்கணம் அஃறிணை என்று ஒதுக்கியதை அவர் பேச்சில் உயர்திணைக்கு ஏற்றிவிட்டார். (நாளிதழின் வழக்கத்தை மதித்து நானும் ‘அது’ என்றே எழுதுகிறேன். வீட்டில் அப்படிச் சொல்வதில்லை.) துறவியின் கூடத்தை இல்லறத்தாரின் வரவேற்பறையோடு ஒப்பிடக் கூடாது என்று சிலர் சொல்லக்கூடும். விருந்தினருக்கான இடத்தில் விலங்குக்கும் இடம் உண்டா என்னும் கேள்வி மட்டும் இரண்டிலும் ஒன்றே.

உண்மையில், இந்தச் சிக்கலே நம் வீடுகளுக்குப் புதிது. என் பாட்டி வீட்டில் திண்ணை இருந்தது. கூடத்தில் ஊஞ்சல் பலகையும் மரப் பெஞ்சும் இருந்தன. தரை சிவப்புக் காவி பூசிய சிமெண்டு. நாய் எங்கே படுத்தாலும் ஒரு வாளி நீரில் வேலை முடிந்தது. அந்த நாயை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சவில்லை என்பதும் உண்மை. பழங்காலத்தை ஒரேயடியாகப் புகழ நான் வரவில்லை. ஆனால், பஞ்சு போல ஈரத்தை உறிஞ்சும் ஃபோம் மெத்தையை, கழற்ற முடியாத துணிக்குள் வைத்துத் தைத்து, தரையோடு ஒட்டி வைக்கும் வழக்கம் வந்த பிறகுதான் நாயின் முதுமை ஒரு பணச் சிக்கலாகியது.

அப்படியென்றால் எதை வாங்குவது? சிகிச்சை தொடங்கி ஓரிரு மாதம் பார்த்த பிறகே வாங்க வேண்டும் என்பது முதல் விதி. அதுவரை பழைய சோபாவின் மேல் ரெக்ஸின் விரித்து, அதன்மேல் பழைய போர்வையைப் போட்டுச் சமாளிக்கலாம். பிறகு, கடையில் அமர்ந்து பார்ப்பதற்கு முன் சோபாவைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். சட்டம் தேக்கு, வேம்பு போன்ற கெட்டி மரமா, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையா? தூள் பலகை என்றால் சிறுநீர் பட்ட ஓரம் ஊதி உதிர்ந்துவிடும். எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். துடைப்பம் புகுமளவுக்குக் கால்கள் உயர்ந்திருக்க வேண்டும். மெத்தைகள் தனித்தனியாகக் கழன்று வர வேண்டும்; உறைக்கு ஜிப் வேண்டும்; உள்ளே நீர் புகாத இன்னோர் உறை வேண்டும். நகம் மாட்டிக்கொள்ளும் தளர் நெசவுத் துணியைவிட நெருக்கமாக நெய்த கனத்த பருத்தி நல்லது. ரெக்ஸினையே மேல் உறையாக்கினால் துடைப்பது எளிது. ஆனால் இந்த ஊர் வெயிலில் அது சில ஆண்டுகளில் உரியத் தொடங்கும், நாயும் சூடு தாளாமல் இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் முடிவானது இன்னும் எளிய ஏற்பாடு. பழைய சோபாவின் மரச் சட்டம் நன்றாகவே இருந்தது. குஷன் வேலை செய்பவர் ஃபோமைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இலவம்பஞ்சு அடைத்த ஆறு தனி மெத்தைகள் தைத்துத் தந்தார். இலவம்பஞ்சின் இழையில் இயற்கையாகவே மெழுகுத் தன்மை உண்டு. நீர் எளிதில் ஊறாது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு மிதவைகளில் அதை அடைத்ததும் இதனால்தான். மீறி நனைந்தால் அந்த ஒரு மெத்தையை மட்டும் பிரித்துப் பஞ்சை மாற்றினால் போதும். புதிய சோபாவின் விலையில் கால்பங்குகூட ஆகவில்லை.

சுத்தம் செய்வதிலும் கொஞ்சம் அறிவியல் தேவைப்படுகிறது. சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது எழுவதே அந்த அமோனியா நெடி. பிளீச்சிங் திரவத்தை அதன்மேல் ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு உண்டாகும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவமோ, இதுதான் கழிக்கும் இடம் என்று நாய்க்கு நினைவூட்டும். பினாயில் வகைகள் பூனையின் உடலுக்கு ஆகாதவை. ஈரத்தைத் தேய்க்காமல் பழந்துணியால் ஒற்றியெடுத்து, தண்ணீர் விட்டு மீண்டும் ஒற்றி, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதித் திரவத்தைத் தெளித்து, அதன் புட்டியில் சொல்லியிருக்கும் நேரம்வரை ஊறவிட்டு வெயிலில் உலர்த்துவதே சரியான முறை. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

தரையையும் மறக்கக் கூடாது. வழவழப்பான டைல்ஸ் மீது மூட்டு வலியுள்ள நாயின் கால்கள் நாலாபக்கமும் வழுக்கும். விழுந்துவிடுவோம் என்ற பயத்திலேயே எழாமல் படுத்த இடத்தில் நனைக்கும். படுக்கையிலிருந்து வாசல்வரை வழுக்காத மிதியடிகளை வரிசையாகப் போட்டதும் எங்கள் வீட்டில் நனைவது பாதியாகக் குறைந்தது. இரவில் ஒரு சிறு விளக்கு எரிந்தால் பார்வை மங்கிய நாய்க்கு வழி தெரியும்.

இத்தனைக்கும் பிறகு அந்த நாய் இப்போது உறங்குவது சோபாவில் அல்ல. கால்களை அறுத்து முழங்கால் உயரத்துக்கும் கீழே இறக்கிய பழைய கயிற்றுக் கட்டில் ஒன்று சோபாவை ஒட்டியே கிடக்கிறது. அடியில் காற்று ஓடுகிறது. கசிந்தால் கீழே வைத்த தட்டில் விழுகிறது. நைலான் கயிறு என்பதால் குழாயடியில் நிறுத்திக் கழுவிவிடலாம். சிமெண்டுத் தரையில் கிடந்து முழங்கையில் வந்திருந்த காய்ப்பும் மெதுவாக ஆறி வருகிறது. விருந்தினர் வந்தால் முதலில் கட்டிலைத்தான் பார்க்கிறார்கள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் அதன் தலையைத் தடவிவிட்டு, உலர்ந்த சோபாவில் அமர்கிறார்கள்.